மாற்றிப் போட்ட ஷூ

என் அக்காவுக்குக் கோபமே வராது. எங்கள் இருவருக்கும் சேர்த்து வந்த கோபத்தை நான் ஒருத்தியே எடுத்துக்கொண்டு பிறந்துவிட்டேன் என்பார் அத்தான். அதில் பொய் இல்லை. பொம்மைத் தொழிற்சாலையிலிருந்து வரும் போனை நான் எடுத்தால், எதிர்முனையில் இருப்பவர் முதலில் தொண்டையைச் செருமிக்கொள்வார். அக்கா எடுத்தால் குழைவார். அக்கா வீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு, அவளுக்கு வரும் போன்களையும் பார்சல்களையும் கவனித்துக்கொள்வதுதான் என் வேலை. யாரை உள்ளே விடுவது, யாரை வாசலோடு அனுப்புவது என்பதும் அதில் அடக்கம்.

அக்காவின் தொழில் பொம்மை செய்வது. உள்ளங்கை உயரக் குழந்தைகள். வாயைப் பிளந்து பாட்டுப் பாடும் சிறுமி, நாய்க்குட்டிக்குக் குடை பிடிக்கும் பையன், தம்பியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும் பெண். களிமண்ணில் அவள் ஒன்று செய்து கொடுப்பாள். தொழிற்சாலையில் அதற்கு அச்சு எடுத்து, பீங்கானில் வார்த்து, சூளையில் சுட்டு, வண்ணம் பூசி ஆயிரக்கணக்கில் விற்பார்கள். ஜனங்கள் வாங்கிப்போய்க் கண்ணாடி அலமாரியில் வரிசையாக வைத்துப் பூட்டிவிடுவார்கள். குழந்தைகள் தொடக் கூடாத குழந்தைகள் என்று நான் கிண்டல் செய்வேன். இப்படிச் சேர்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு பத்திரிகை, வருடத்துக்கு ஒரு கூட்டம். அவர்கள் அக்காவுக்கு வைத்திருக்கும் பெயர் பொம்மையம்மா.

வீட்டின் பின்னறைதான் அவளுடைய பட்டறை. ஜன்னலோரம் ஒரு மேஜை, ஈரத்துணி மூடிய களிமண் உருண்டை, பிஸ்கட் டப்பாவுக்குள் அவளுடைய ஆயுதங்கள்: உடைந்த சீப்பு, கொண்டை ஊசி, ஒரு கரண்டிக் காம்பு. மண்ணைத் தொடுவதற்கு முன் கண்ணை மூடி ஒரு வரி ஜெபம் செய்வாள். "ஆண்டவரே, இந்தக் கையை நீர் பிடித்துக்கொள்ளும்." அவ்வளவுதான். என் ஜெபம் நீளமானது; அதில் பாதி புகாராக இருக்கும்.

அவளுக்கு ஒரு மகன் இருந்தான். ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டான்.

இருந்தவரை வீட்டையே ஆட்டிவைத்த பயல். அவனுக்கு ஒரு வழக்கம்: ஷூவை எப்போதும் மாற்றித்தான் போடுவான். வலதுகால் ஷூ இடதில், இடது வலதில். தெரியாமல் இல்லை, வேண்டுமென்றே. ஏன்டா என்று ஒருநாள் கேட்டேன். "நேரா போட்டா ரெண்டும் ஒண்ணையொண்ணு முட்டுது சித்தி. மாத்திப் போட்டா அதது அது வழியில போகுது" என்றான். தினமும் காலையில் அத்தான் அவனை உட்காரவைத்து ஷூவைக் கழற்றிச் சரியாக மாட்டிவிடுவார். புத்தகப்பை முதுகில் ஏறிய பிறகு, பள்ளிக்கூடம் கிளம்புமுன், அவன் கட்டிலோரம் முழங்காலிட்டு ஜெபம் செய்ய வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எப்படித்தான் மாற்றுவானோ, பின்னாலிருந்து பார்த்தால் ஷூ இரண்டும் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். "பாரு, மறுபடியும் மாத்திப் போட்டுட்டான்" என்று அத்தான் தலையில் அடித்துக்கொள்வார். எங்கள் வீட்டில் ஒவ்வொரு காலையும் இந்த வாக்கியத்தோடுதான் தொடங்கியது.

அவன் போன பிறகு வெகுநாள் அக்கா மண்ணைத் தொடவில்லை. தொட்டபோது முதலில் செய்தது அவனைத்தான். முதுகில் பையோடு, முழங்காலிட்டு, கைகூப்பி. முன்னாலிருந்து பார்த்தால் ஜெபிக்கும் சிறுவன். பின்னால் திருப்பிப் பார்த்தால்தான் ஷூ தெரியும், இடம் மாறிய ஷூ. யாரிடமும் அவள் விளக்கம் சொல்லவில்லை. சொன்னால் தொழிற்சாலை அதை அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்கும் என்று அவளுக்குத் தெரியும். பெற்ற பிள்ளையின் சாவைக் கூவி விற்க அவள் தயாராக இல்லை. பெட்டியில் 'ஜெபிக்கும் சிறுவன்' என்று மட்டும்தான் இருந்தது. அவள் செய்ததிலேயே அதிகம் விற்றதும் அதுதான்.

அவளுக்கென்று ஒன்றையும் அவள் வைத்துக்கொள்ளவில்லை. தொழிற்சாலை அவளுக்கு அனுப்பும் பிரதிகளையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கையில் கொடுத்துவிட்டு வருவாள். அத்தான் அந்தப் பொம்மையைத் தொட்டதே இல்லை. பெட்டி பிரிக்கும் நாளில் தம்முடைய தையற்கடைக்குச் சீக்கிரமாகவே கிளம்பிவிடுவார்.

கொடுக்குமுன் ஒவ்வொன்றின் அடியிலும் அக்கா கையெழுத்துப் போடுவாள். அதற்குப் பொம்மையைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் ஷூவின் அடிப்பாகம் நேராகக் கண்ணுக்கு வரும். அப்படித்தான் அவளுக்குத் தெரியவந்தது. புதிதாக வந்த பெட்டியைப் பிரித்து, முதல் பொம்மையைக் கவிழ்த்து, பேனாவை வைக்கப்போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அடுத்ததை எடுத்தாள். அதற்கும் அடுத்ததை எடுத்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். வலது வலதில், இடது இடதில். ஷூ நேராக இருந்தது.

வாய்க்கு வந்ததைச் சொல்லி நான் போனை எடுத்தேன். அக்கா என் கையிலிருந்து அதை வாங்கி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேரே தொழிற்சாலைக்குக் கிளம்பினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அச்சறை தொழிற்சாலையின் கோடியில் இருந்தது. சுவர், தரை, கதவுப்பிடி, எல்லாவற்றிலும் பிளாஸ்டர் மாவு. அலமாரிகளில், மற்ற அச்சுகளுக்கெல்லாம் தாயான மூல அச்சுகள் அடுக்கியிருந்தன. அச்சுக்காரர் எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். கேட்டதும் மறைக்கவில்லை. பழைய மூல அச்சு தேய்ந்துவிட்டதாம், பையனின் மூக்கே மழுங்கிப்போய்விட்டதாம். புது மூல அச்சு எடுக்க வேண்டியிருந்தது. எடுக்கும்போது முகத்தைத் தீட்டிய கையோடு ஷூவையும் திருத்திவிட்டாராம்.

"எத்தனையோ வருஷமா என் கண்ணை உறுத்திட்டே இருந்துச்சும்மா. இவ்வளவு பெரிய கலைஞர், கால்ல போய்த் தப்பு விட்டுட்டாங்களேன்னு. உங்க பேருக்கு ஒரு குறை வரக் கூடாதுன்னுதான் யார்கிட்டயும் சொல்லாம சரி பண்ணிட்டேன்."

பரிசு வாங்கப்போகிற பிள்ளைபோல நின்றார் மனிதர். வழக்கம்போல் நான் வாயைத் திறந்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். அவருக்கு நன்றி சொன்னாள். நிஜமாகவே சொன்னாள். பிறகு, அது தப்பில்லை, வேண்டுமென்றே செய்தது, திரும்பவும் பழையபடி ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்றாள். அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. முதலாளி சொல்லாமல் அச்சைத் தொட முடியாது என்று கையைப் பிசைந்தார்.

முதலாளியின் அறைக்குப் போனோம். அவரோ வேறு உற்சாகத்தில் இருந்தார். பொம்மை சேகரிக்கிறவர்கள் இந்த மாற்றத்தை அதற்குள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். பத்திரிகையில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு 'தப்பு ஷூ', 'சரி ஷூ' என்று எழுதியிருந்தார்கள். 'தப்பு' வைத்திருப்பவருக்குப் பெருமை. அவருக்குச் 'சரி'யும் வேண்டும். ஒரே பொம்மையை ஜனங்கள் இரண்டு தடவை வாங்குவதை முதலாளி அதுவரை கண்டதில்லை. இந்த வருடக் கூட்டத்தில் பழைய மூல அச்சை அக்கா கையாலேயே உடைத்துவிடலாம் என்றார். அந்தத் தொழிலில் அது ஒரு சடங்கு. வருடத்துக்கு ஒரு பொம்மையின் மூல அச்சை எல்லார் முன்னாலும் சுத்தியலால் உடைப்பார்கள். உடைத்தது உடைத்ததுதான், பிறகு அதை யாரும் வார்க்கக் கூடாது. கூட்டம் கைதட்டும், சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

அக்கா வேறு வழியில்லாமல் சொன்னாள். "அந்தப் பையன் அப்படித்தான் சார் ஷூ போடுவான்."

"எந்தப் பையன்?"

"என் பையன்."

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் வருத்தம் வந்தது, அதன் குதிகாலை மிதித்துக்கொண்டே வேறொன்றும் வந்தது. இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்றார். இதைப் பெட்டியில் போடலாம், பையனின் போட்டோ ஒன்று இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். மேஜைமேல் இருந்த பேனா ஸ்டாண்டை எடுத்து அவர்மேல் வீசியிருப்பேன். அக்கா பேச ஆரம்பித்ததால் தப்பித்தார்.

"என் பையன் பொம்மையா நிப்பான் சார். விளம்பரத்துக்கு நிக்க மாட்டான். ஷூ பழையபடி மாறுற வரைக்கும் என் கையில களிமண் ஏறாது."

குரல் உயரவே இல்லை. அதனால்தான் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் கத்துகிறவள், பத்து நிமிடத்தில் அடங்கிவிடுவேன். என் அக்கா மெதுவாகச் சொன்னால் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அன்றிலிருந்து பட்டறை மேஜை காய்ந்து கிடந்தது. அந்த வருடத்துக்கான புதுப் பொம்மை வரவில்லை. போன் வந்தது, ஆள் வந்தது, பழக்கூடை வந்தது. பழத்தை நான் தின்றேன். பதில் பழைய பதில்தான். அக்கா காலையில் தொழிற்சாலைக்குப் போய் அச்சறை பெஞ்சில் உட்காருவாள். யாரையும் தொந்தரவு செய்வதில்லை. வேதாகமத்தை மடியில் வைத்துப் படிப்பாள், மதியம் டிபன் டப்பாவைத் திறப்பாள், சாயங்காலம் போகிற வழியில் முதலாளியின் அறைக்குள் எட்டிப்பார்த்து, "ஷூ என்னாச்சு சார்?" என்று மட்டும் கேட்பாள். அச்சுக்காரர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தபடி வேலை செய்தார்.

எனக்குப் பயமெல்லாம் வீட்டை நினைத்துத்தான் இருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது அத்தான் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"விட்டுடேன். இப்பவாவது ஒழுங்கா போட்டிருக்கானே."

அவன் போன பிறகு அவனைப் பற்றி அத்தான் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"ஒழுங்கா போட்டிருக்கிறது யாரோ ஒரு பையன். நம்ம பையன் இல்ல. அச்சுல போன ஷூ நாளைக்கு எனக்கே மறந்துபோகும். அப்புறம் அவன் எங்க இருப்பான்?"

அத்தான் எழுந்து கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து என் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

கூட்டத்துக்கு முன்தினம் அக்கா முதலாளியிடம் போய், மேடையில் ஏறினால் எந்த அச்சை உடைப்பேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், புது அச்சைத்தான் உடைப்பேன் என்றாள். ஒளித்துச் செய்வது அவளுக்கு வராது. முதலாளி சிரித்தார். மேடைக்கு வரப்போவது பழைய அச்சு, புதியது அச்சறையில் பத்திரமாக இருக்கிறது, சுத்தியலை எதன்மேல் போடுவீர்கள் என்று கேட்டார். அதற்கு ஆண்டவர் வழி காட்டுவார் என்றாள் அக்கா. ஆண்டவருக்கு அச்சறைச் சாவி எப்படிக் கிடைக்கும் என்று எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது.

கூட்டம் ஒரு பெரிய மண்டபத்தில். மடக்கு நாற்காலிகள், ஆளுக்கொரு பஞ்சு சுற்றிய பெட்டி. கையெழுத்து வாங்கத் தங்கள் பொம்மைகளைக் கொண்டுவந்திருந்தார்கள். மேடையில் வெல்வெட் விரித்த மேஜை, அதன்மேல் பழைய மூல அச்சு, ரிப்பன் கட்டிய சுத்தியல். முதலாளி பேசி முடித்துச் சுத்தியலை அக்கா கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு சும்மா நின்றாள்.

அப்போது பக்கவாட்டுக் கதவு வழியாக அச்சுக்காரர் வந்தார். வெள்ளை மாவு படிந்த வேலைச் சட்டையோடு, சாக்கில் சுற்றிய எதையோ மார்போடு அணைத்துக்கொண்டு மேடையேறினார். பழைய அச்சை ஓரமாகத் தள்ளிவிட்டு, புதியதை அந்த இடத்தில் வைத்தார்.

"நான் பண்ணினது. நானே கொண்டாந்துட்டேன்" என்றார். முதலாளி அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததையும், அவர் நகராமல் நின்றதையும் மண்டபமே பார்த்தது. வேலை போய்விடும் என்று தெரிந்துதான் அந்த மனிதர் வந்திருந்தார். அவரை மனதுக்குள் எத்தனை வாரமாகத் திட்டியிருந்தேனோ, அத்தனையையும் அங்கேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அக்கா மைக்கின் அருகில் போனாள். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள். இரண்டு கையாலும் சுத்தியலைப் பிடித்திருந்தாள்.

"நீங்க தப்புன்னு சொல்றது தப்பு இல்ல. அந்தப் பையன் அப்படித்தான் போடுவான். திருத்தினா அது அவன் இல்ல. அதனால இதை உடைக்கிறேன்."

அவ்வளவுதான் பேச்சு. முன்வரிசையில் மடியில் பெட்டியோடு இருந்த ஒரு வயதான அம்மாள் எழுந்து, அப்படியானால் அரியது என்று நாங்கள் தேடிப் பிடித்து வாங்கியது என்னாவது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அக்கா அதையும் யோசித்து வைத்திருந்தாள். இனிமேல் வார்ப்பதில் அடியில் சின்னச் சிலுவைக் குறி ஒன்று இருக்கும், குறி இல்லாதது முதலில் வந்தது, அது என்றைக்கும் உங்களுடையதுதான் என்றாள். அந்த அம்மாள் பெட்டியைத் திறந்து, பொம்மையைத் திருப்பி, அந்தக் குட்டி ஷூக்களைப் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள். அக்கா சொல்லாமல் விட்டது அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "உடைங்கம்மா" என்றாள். பின்வரிசைகளிலும் ஆளாளுக்குப் பெட்டியைத் திறந்து பையனைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

முதல் அடியிலேயே அச்சு இரண்டாகப் போனது. கைதட்டலில் முதலாளியும் சேர்ந்துகொண்டார். வேறென்ன செய்வார்? அச்சுக்காரரின் வேலைக்கு ஆபத்தில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்ட பிறகுதான் அக்கா மேடையைவிட்டு இறங்கினாள். என்னிடம் விட்டிருந்தால் எழுதியே வாங்கியிருப்பேன்.

உடைத்தாகிவிட்டது, இனி அவனைப் புதிதாகச் செய்ய வேண்டும். பழைய அச்சில் மூக்கு இல்லை, ஷூவின் வளைவும் தேய்ந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பொம்மை ஒன்றைத் திரும்ப வாங்கி அதிலிருந்து அச்சு எடுத்தால் என்ன என்று கேட்டேன். சுட்ட பொம்மையிலிருந்து எடுத்து வார்த்தால், சுடும்போது மண் மறுபடியும் சுருங்கும், பையன் குட்டையாகிவிடுவான் என்றாள். "இருக்கிற உயரத்தையும் அவன்கிட்டயிருந்து பிடுங்கச் சொல்றியா?" நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் விரல் மூட்டுகள் அதற்குள் வீங்கியிருந்தன. காலையில் வெந்நீரில் கையை ஊறவைத்துவிட்டுத்தான் மேஜைக்கு வருவாள். முகம் வந்துவிட்டது, பை வந்துவிட்டது, கூப்பிய கைகளும் வந்துவிட்டன. ஷூவில் வந்து நின்றது. மூன்று தடவை செய்து மூன்று தடவையும் பிசைந்துவிட்டாள். வளைவு எங்கே தொடங்கும் என்பது கைக்கு நினைவில்லை. அவள் பயந்தது நடந்தேவிட்டது. அன்று சாயங்காலம் அத்தானிடம், அவன் ஷூ எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டாள். அவர் தலை குனிந்து நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் பட்டறை மேஜையில் ஷூ இருந்தது. இத்தனை வருடமாகக் கடையில், தையல் மெஷின் இழுப்பறைக்குள் வைத்திருந்திருக்கிறார். புதிதாகப் பாலிஷ் போட்டிருந்தது; பாலிஷ் வருடக்கணக்காகப் படிந்து தோல் கெட்டியாகியிருந்தது. ஒழுங்காக வைத்திருந்தார், வலது வலப்பக்கம், இடது இடப்பக்கம். அக்கா வந்து பார்த்தாள். கண்ணை மூடி அவளுடைய ஒற்றை வரியைச் சொன்னாள். பிறகு இரண்டையும் எடுத்து மாற்றி வைத்துவிட்டு, மண்ணைத் தொட்டாள்.

சூளையிலிருந்து முதல் பெட்டி வந்த நாளில் அத்தான் கடைக்குப் போகவில்லை. அச்சுக்காரரே பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டு, உள்ளே வரக் கூச்சப்பட்டு நின்றார். நான்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அக்கா வைக்கோலை விலக்கி முதல் பொம்மையை எடுத்தாள். வழக்கம்போல் கவிழ்த்துக் கையெழுத்துப் போடவில்லை. அப்படியே அத்தானிடம் நீட்டினாள். இது ஆஸ்பத்திரிக்கு இல்லை, நமக்கு என்றாள்.

அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். முகத்தைப் பார்த்தார். மூக்கை விரலால் தொட்டார். மெதுவாகப் பின்பக்கம் திருப்பினார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறார் என்று நினைத்தேன். அழுதுகொண்டேதான் சிரித்தார்.

"பாரு" என்றார் அக்காவிடம். "மறுபடியும் மாத்திப் போட்டுட்டான்."